தகரச் சத்தத்தை வெட்டியவனுக்கு

கிளாவரை,
மே 26.

ராஜமுருகனுக்கு,

அன்புள்ள என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இருந்தாலும் இருபத்திரண்டு வருஷப் பழக்கத்துக்காகக் கேட்கிறேன். சுசித்ராவும் குழந்தையும் நலமா? மதுரை வெயிலில் உன் முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறதா? இங்கே வேலுத்தாய்க்குச் சளி, எனக்குக் கோபம், ஸ்வேதாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். எட்டு நாளாக உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டேன். இங்கே டவர் கிடைக்க வேண்டுமென்றால் ஸ்கூலுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஏற வேண்டும், உனக்கே தெரியும். வெள்ளனே கேரட் லோடு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை, ஒட்டன்சத்திரம் போய்த் திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கியதும் ஒரு தடவை என்று ஏறி ஏறி அடித்தேன். முதல் மூன்று நாள் மணி அடித்தது, நீ எடுக்கவில்லை. நாலாம் நாளிலிருந்து மணியே அடிக்கவில்லை. என் வீட்டுக்காரி வேலுத்தாய் போனிலிருந்து அடித்தால் அடிக்கிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். நல்லது. தபால்காரர் கொண்டு வந்து கொடுப்பதையும் தடுத்துவிடு, பார்க்கலாம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நாலு லட்சம் பேருக்கு நீ வேறு மாதிரிக் காட்டியிருக்கிறாய். ஒரு காகிதத்திலாவது அது சரியாக இருக்கட்டும்.

மே பதினாறாம் தேதி, மேல்மலைக் கோப்பை, பெண்கள் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் எங்கள் கிளாவரைப் பிள்ளைகள், கோலில் என் மகள் ஸ்வேதா. எதிரில் கன்னிவாடிப் பிள்ளைகள். ஸ்வேதா நின்ற கோலுக்குப் பின்னால், ரோட்டு மேட்டில், நீ சொந்தமாக நடத்துகிற சேனலின் வண்டி. அதற்குள் மைக்கோடு நீ. வண்டிக் கூரைமேல் கேமராவோடு விக்னேஷ். வண்டிக்கு இந்தப் பக்கம் இருபது அடி தள்ளி, காலி எண்ணெய்த் தகரத்தையும் சவுக்குக் கட்டையையும் வைத்துக்கொண்டு நான்.

அந்தத் தகரம் எதற்கு என்று உன் புது மதுரை சேனல்காரர்களுக்கு வேண்டுமானால் விளக்கலாம், உனக்கு விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், படித்துவிட்டு வெட்கப்படு. எங்கள் மைதானத்தில் மேகம் எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவனின் மூக்கு தெரியாது. விசில் ஊதிப் பிரயோசனமில்லை, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் பாதிப்பேர் விசிலடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் மேகத்துக்குள் இரண்டு பேர் மண்டையோடு மண்டை மோதி, ஒருவனுக்கு முன்பல் நாலும் போயிற்று. அதற்குப் பிறகுதான் தகரம் வைத்தோம். மூன்று அடி விழுந்தால் ஆட்டம் நின்றது என்று அர்த்தம். அவரவர் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், பந்தைத் தொடக் கூடாது. மேகம் விலகியதும் ஒரே ஒரு அடி, ஆட்டம் தொடரும். வெளியூரிலிருந்து வருகிற அணிகளுக்கும் ரெஃப்ரிக்கும் இதை ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் சொல்வது யார் வேலை? ஏழு வருஷமாக உன் வேலை.

இந்த வருஷம் நீ சொல்லவில்லை. ரெஃப்ரி கீழே இருந்து வந்த புது ஆள். பஸ் தாமதமாகி, பையைக்கூடக் கீழே வைக்காமல் மைதானத்துக்குள் ஓடினார். அந்த நேரத்தில் நீ ஏதோ ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியை மே மாதத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தாய். சரி, மறந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்கிறேன். நானாவது எழுந்து போய் அவரிடம் சொல்லியிருக்கலாம். நீ சொல்லிவிடுவாய் என்று உட்கார்ந்திருந்தது என் மடத்தனம்.

இரண்டாவது பாதியில் மேகம் இறங்கியது. எனக்கு நடுக்கோடு தெரியவில்லை. எழுந்து மூன்று அடி அடித்தேன். நீ வண்டிக்குள்ளிருந்து திரும்பி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். ஏலே, காட்டினாயா இல்லையா? உன் மகள் தலையில் கைவைத்துச் சொல் என்று கேட்க மாட்டேன், அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது. உன்னையே கேட்கிறேன்.

ஸ்வேதா நின்றுவிட்டாள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மைதானத்தின் எதிர்க்கோடிக்குத் தகரம் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? இந்த வருஷம் நீ ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்து அந்தப் பக்கம் பார்க்க வைத்திருந்தாய். கன்னிவாடிப் பிள்ளை ஒருத்தி மேகத்துக்குள்ளிருந்து ஓடிவந்து அடித்தாள். பந்து ஸ்வேதாவின் முதுகைத் தாண்டி உள்ளே போயிற்று. அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தகரம் என்றால் என்னவென்றே தெரியாது. ரெஃப்ரி கோல் கொடுத்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னதற்கு, "என்னங்க தகரம்? நான் விசில் ஊதலயே" என்றார். அவர் வரைக்கும் அதுவும் நியாயம்தான்.

நியாயமில்லாதது நீ செய்ததுதான். கட்டைவிரலைக் காட்டி அரை நிமிஷம் ஆகவில்லை, மைக்கில் கத்தினாய்: "கோல்கீப்பர் எங்கப்பா? அட, கையுறையக் கழட்டிட்டாங்க! டீ குடிக்கக் கெளம்பிட்டாங்க! மாஸ்டர், ஒரு டீ, ரெண்டு பஜ்ஜி, ஒரு கோல் பார்சல்!" மைதானமே சிரித்தது. என் பக்கத்தில் நின்ற என் மச்சினனும் சிரித்தான். ஸ்வேதா அந்த ஸ்பீக்கர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதோடு விட்டிருந்தால், பேச்சு வேகத்தில் வாய் தவறிவிட்டது என்று நானும் விட்டிருப்பேன். நீ விடவில்லை. மறுநாள் அந்த நாற்பது செகண்டை மட்டும் வெட்டி எடுத்து உன் சேனலில் போட்டாய். வெட்டும்போது என் தகரத்தில் அடி விழுகிற இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டு, கோமாளி நடந்து வருவதுபோல ஒரு மியூசிக்கை ஒட்டினாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாய் தவறலாம், ராஜா. கத்தரிக்கோல் தவறாது. எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று பார்த்து வெட்டியிருக்கிறாய்.

இப்போது என் மகளுக்குப் பெயர் பார்சல். கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கினால், அவளை முன்னேபின்னே பார்த்திராத பயல்கள் "மாஸ்டர், ஒரு கோல்" என்று கூவுகிறார்கள். மளிகைக் கடைக்குப் போனால் கடைக்காரர் சர்க்கரையைக் கட்டிக்கொண்டே, "பார்சலாம்மா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார். ஒரு வாரமாக அவள் வாசல் தாண்டவில்லை. பந்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். வேலுத்தாய் பெருக்கும்போது அது உருண்டு வெளியே வந்தால், திரும்பவும் காலால் உள்ளே தள்ளுகிறாள்.

அதைவிடப் பெரிய இடி ஒன்று இருக்கிறது. ஜூன் ஒன்பதாம் தேதி திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் கல்லூரியில் விளையாட்டு இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஸ்வேதாவை ஜனவரியிலேயே பார்த்துவிட்டு, கட்டாயம் வரச் சொல்லியிருந்தார் அங்கே பயிற்சி கொடுக்கிற மேடம். நீதான் அன்றைக்கு எனக்கு ஸ்வீட் வாங்கிக் கொடுத்தாய். போன வாரம் அந்த மேடம் போன் செய்தார். "வீடியோ பார்த்தேங்க. திறமையெல்லாம் இருக்கு. ஆனா ஆட்டம் நடக்கும்போது கையுறையக் கழட்டுற பிள்ளைய நான் எப்படி எடுக்குறது?" என்றார். நான் தகரத்தைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீடியோவுல அப்படி எந்தச் சத்தமும் இல்லையேங்க" என்றார்.

ஊரிலும் அதுவே பேச்சு. மகளைக் காப்பாற்ற அப்பன் தகரக் கதை கட்டுகிறான் என்கிறார்கள். எங்கள் அணிப் பிள்ளைகளைக் கேட்டால் இரண்டு பேர் கேட்டது என்கிறார்கள், மூன்று பேர் ஸ்வேதா நின்றதால் நின்றோம் என்கிறார்கள், மிச்சப்பேருக்கு ஞாபகமில்லையாம். யார்தான் பார்சல் கூட்டத்தில் சேர்வார்கள்? மகள் கோலில் நிற்கும்போது நான் தகரத்துக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று கமிட்டித் தலைவர் சேனாதிபதி சொன்னார். அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அடித்தது அடித்ததுதான்.

உனக்கு இது புரியாது என்றால் பேசாமல் போய்விடுவேன். உனக்குப் புரியும். பழனியில் நம் காலேஜ் அணிக்கு நீ முன்னால் ஓடினாய், நான் கோலில் நின்றேன். மூன்றாம் வருஷம் உன் முழங்கால் போனபோது, "ராஜா வண்டிக்கு பஞ்சர்" என்று ஹாஸ்டல் சுவரில் கரியால் எழுதினார்கள். மூன்று மாசம் அடிவாரத்து உங்கள் கடையின் பின்கட்டை விட்டு நீ வெளியே வரவில்லை. பஞ்சாமிர்த டப்பாக்களுக்கு நடுவில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கெடந்தாய். உன்னைத் தோளில் தாங்கிக்கொண்டு போய், தைப்பூசக் கூட்டத்தில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுகிற மைக்கின் முன்னால் உட்கார வைத்தது யார்? அன்றைக்கு ஒரே நாளில் பதினோரு குழந்தைகளை அவரவர் அம்மாவிடம் சேர்த்தது உன் குரல். அங்கே இருந்துதான் லோக்கல் கேபிளில் பிறந்தநாள் வாழ்த்து வாசித்தாய், நினைவஞ்சலி வாசித்தாய், பிறகு மலையேறி வந்து எங்கள் ஆட்டத்துக்குப் பேச ஆரம்பித்தாய். நீ பேசினால் சாதாரண த்ரோ-இன்கூட ஏதோ நடக்கப் போகிறது என்று தோன்றும். நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா, அவன் என் மாப்ளே என்று.

அந்த நாற்பது செகண்டைப் பார்த்துத்தான் மதுரை சேனல் உன்னைக் கூப்பிட்டு விளையாட்டு நிகழ்ச்சி கொடுத்தது என்று கேள்விப்பட்டேன். நன்றாக இரு. ஆனால் நீ அங்கே ஏறி நிற்பது என் பிள்ளையின் முதுகுமேல் என்பதை மறந்துவிடாதே.

கேட்பது ஒன்றுதான். வெட்டாத முழுப் பதிவு, சத்தத்தோடு. அதில் என் தகரம் மூன்று அடி இருக்கும், இருபது அடி தூரத்தில் உன் மைக் இருந்தது, இல்லாமல் போகாது. அதை உன் சேனலில் போடு. ஒன்பதாம் தேதிக்குள் அந்த மேடம் கேட்க வேண்டும். ஸ்வேதா தலை நிமிர்ந்து திண்டுக்கல் பஸ்ஸில் ஏற வேண்டும்.

பதில் போடு. இல்லையென்றால் போனையாவது எடு.

இப்படிக்கு,
உன் பழைய கோல்கீப்பர்,
அழகையா.


கிளாவரை,
ஜூன் 3. பதிவுத் தபால்.

ராஜமுருகனுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை.

என் கடிதம் கிடைத்ததும் என்னிடம் பேசாமல் வேலுத்தாயின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாய். பொம்பளை என்றால் அடங்கிப் பேசுவாள் என்று நினைத்தாயா? நீ பேசியதை அவள் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்துவிட்டாள். "அக்கா, அவனக் கோவப்படாம இருக்கச் சொல்லுங்க. இது ச்சும்மா ஜாலிக்குப் போட்டது. நாலு லட்சம் பேருக்கு ஸ்வேதா மூஞ்சி தெரிஞ்சிருச்சுல்ல? மதுரைக்கு அனுப்பி வைங்க, என் நிகழ்ச்சியில உக்கார வச்சு ஒரு பேட்டி எடுத்துருவோம். டீ கிளாஸோட வந்தா செமயா இருக்கும்." இதுதானே நீ சொன்னது? டீ கிளாஸோடு வர வேண்டுமா என் மகள்? உனக்கு வாய் எப்படி வந்தது? வேலுத்தாய் உனக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் எழுத முடியாது, தபாலில் போகிற கடிதம். நீ கேட்டாய், உனக்குத் தெரியும்.

முழுப் பதிவு இல்லை, கார்டில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டோம் என்றும் சொன்னாய். முந்தாநாள் பூம்பாறைத் திருப்பத்தில் என் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினான் விக்னேஷ். உன்னோடு மதுரைக்குப் போகாமல் இங்கேயே கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறானாம். என் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அண்ணே, பதிவு இருக்குண்ணே. சார்தான் தனியா எடுத்து வச்சிருக்காரு. யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னுட்டாரு. தகரச் சத்தம் மட்டுமில்லண்ணே, தகரத்துல அடி விழுந்ததும் சார் பேசுனதும் அதுல இருக்கு."

நீ பேசியது என்ன என்று கேட்டேன். ஸ்பீக்கரை மட்டும் அணைத்துவிட்டு விக்னேஷிடம் சொன்னாயாம்: "அழகையா அடிச்சிட்டான். ஆட்டம் நின்னுருச்சு. வெரசா ஒரு டீ சொல்லு."

அட பாவி. டீ கேட்டது நீ.

உனக்குத்தான் டீ வேண்டியிருந்தது. அதைத் தூக்கி என் மகள் தலையில் போட்டிருக்கிறாய். அதனால்தான் பதிவை வெளியே விட மாட்டேன் என்கிறாய். இதைக் கேட்டதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் லோடு முழுக்க முட்டைக்கோஸ், வாடிவிடும் என்று தெரிந்தும் எழுந்திருக்க மனசு வரவில்லை.

எங்கள் தாத்தா சிலோனிலிருந்து கப்பலேறி வந்த கதையை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எஸ்டேட்டில் நாப்பது வருஷம் கொழுந்து பறித்த மனிதரிடம், நீ அங்கே இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று ஆபீஸ் ஆபீஸாகக் கேட்டார்கள். "என் கையப் பாருங்க துரை" என்று கையை நீட்டுவாராம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக, சொன்ன வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு காகிதமும் வைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடையில் மட்டும்தான் அது வேண்டியிருக்கவில்லை. அழகையா சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்பார் உன் அப்பா. இப்போது நீயும் என்னை அத்தாட்சி கேட்கிற இடத்தில் நிறுத்திவிட்டாய். அந்த அத்தாட்சியையும் உன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. ஸ்வேதா போக மாட்டேன் என்கிறாள். பதிவு வந்தால் போவாள். அனுப்பு.

அழகையா.


கிளாவரை,
ஜூன் 12.

ராஜா,

இதற்கு மேல் உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுத வைத்துவிட்டாள்.

எட்டாம் தேதி காலையில் ஸ்வேதா தானாகக் கிளம்பினாள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. வேலுத்தாய் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள். முதல் பஸ்ஸில் கொடைக்கானல், அங்கிருந்து திண்டுக்கல். என் அத்தை மகள் வீட்டில் தங்கினோம். பஸ்ஸில் யாரோ இரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டுப் போனைப் பார்த்தார்கள். அவள் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து அவர்களைக் கேட்கப் போனேன். "உக்காருங்கப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கல்லூரி மைதானத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது, மேகம் ஒரு பொட்டு இல்லை. இவள் கோலில் போய் நின்றதும் வரிசையில் நின்ற இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த மேடம் அவர்களை அதட்டி ஓரமாக நிறுத்தினார். நல்ல மனுஷி. முதல் பந்து வந்தது, உள்ளே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அவள் பிடிக்க முடியாத பந்து இல்லை ராஜா, நீ பார்த்திருக்கிறாய், இதைவிட வேகமாக நான் அடித்ததையெல்லாம் பத்து வயசிலேயே பிடித்தவள். பந்து வருகிறபோது அவள் தலை ஒரு தடவை பின்னால் திரும்புகிறது. பிறகுதான் கை எழும்புகிறது. அதற்குள் பந்து தாண்டிப் போய்விடுகிறது. பன்னிரண்டு பந்தில் நாலுதான் பிடித்தாள்.

மேடம் பக்கத்தில் வந்து, "பந்து வரும்போது எதுக்கும்மா திரும்பிப் பாக்குறே?" என்று கேட்டார்.

"ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு மேடம். கேட்டுச்சா இல்லையான்னு தெரியல" என்று சொன்னாள் ஸ்வேதா.

அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

திரும்பி வரும் வழியில், வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது, அது என்ன சத்தம் என்று அவளிடம் கேட்டேன். போனை எடுத்து உன் வீடியோவைப் போட்டாள். அதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள் தெரியுமா? எனக்கும் தெரியாது. காதில் மாட்டுகிற ஒயரில் ஒன்றை என் காதில் மாட்டிவிட்டு, என் தகரம் விழுந்திருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். மியூசிக்குக்கு அடியில் எங்கேயாவது கேட்கிறதா என்று இந்த மூன்று வாரமும் தேடியிருக்கிறாள்.

"இல்லப்பா. இதுல இல்ல" என்றாள். பிறகு, "அப்பா, நீங்க அடிச்சீங்க, அத நம்புறேன். ஆனா எனக்கு நெசமாவே கேட்டுச்சா? கேட்டுத்தான் நின்னேனா? இல்ல, மேகம் வந்ததும் நானாவே நின்னுட்டு, கேட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டேனா?"

கேட்டதம்மா, நீ திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாயே என்று சொன்னேன். "சிரிச்சேனா?" என்றாள். அதுவும் அவளுக்கு நிச்சயமில்லாமல் போய்விட்டது. உன் வீடியோவில் அந்த நேரம் கேமரா ஓடிவருகிற பிள்ளையின் பக்கம் திரும்பிவிடுகிறதே.

விக்னேஷ் சொன்னதையும் சொன்னேன். "நீங்க என் அப்பா, எனக்காகத்தான சொல்வீங்க" என்றாள். அவள் என்மேல் கோபப்படவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னாள். என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ராஜா, இந்த மூன்று வாரமாக உன்னை நான் திட்டாத திட்டு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். மதுரைக்கே வந்து உன் சேனல் வாசலில் அந்தத் தகரத்தை அடித்து ஊரைக் கூட்ட வேண்டும் என்றும் நினைத்தேன். வேலுத்தாய்தான் வேண்டாம் என்றாள், அதையும் வெட்டி ஒட்டிப் போட்டுவிடுவாய் என்று. என் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நீ என் பிள்ளையின் பெயரைக் கெடுத்தாய், அதைத் துடைத்துவிடலாம். ஊர் சிரித்தது, இன்னொருத்தன் வீடியோ வந்ததும் அவனைப் பார்த்துச் சிரிக்கப் போய்விடும். ஆனால் அவளுடைய சொந்தக் காதை அவளே நம்பாதபடி செய்துவிட்டாயே. காதையும் கண்ணையும் நம்பாமல் ஒருத்தி எப்படிக் கோலில் நிற்பாள்? கோலை விடு, எப்படி ரோட்டைத் தாண்டுவாள்?

அந்த மேடம் இன்னும் கைவிடவில்லை. "கை நல்லாருக்கு, மனசு இங்க இல்ல. இருபத்தி மூணாம் தேதி திரும்பக் கூட்டிட்டு வாங்க, அதுவரைக்கும் எடத்த வச்சிருக்கேன்" என்றார். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

அதனால் என் பழைய கடிதங்களில் கேட்டதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சேனலில் போட வேண்டாம். மேடத்துக்கு அனுப்ப வேண்டாம், எனக்கும் வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஊரில் என்னைப் பொய்யன் என்று சொல்கிறவன் சொல்லிக்கொண்டு போகட்டும், உன் மதுரை வேலைக்கு என்னால் ஒரு குறையும் வராது. நான் யாரிடமும் வாயைத் திறக்க மாட்டேன் என்று விக்னேஷிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பதிவை ஸ்வேதாவுக்கு மட்டும் அனுப்பு. முழுக்க வேண்டாம், பத்து செகண்ட் போதும். தகரத்தில் அடி விழுவதும், அழகையா அடித்துவிட்டான் என்று நீ சொல்வதும் மட்டும். அவளுக்காகப் பேச வேண்டிய அவசியம் ஒன்றும் உனக்கு இல்லை. அதனால் உன் குரலில் வந்தால் நம்புவாள்.

அவள் நம்பர் பழைய நம்பர்தான். உன்னை அவள் தடுத்து வைக்கவில்லை. இன்னும் ராஜா மாமா என்றுதான் போனில் வைத்திருக்கிறாள், பஸ்ஸில் பார்த்தேன்.

உன் மகள் இந்த மாதம் பள்ளிக்கூடம் போகத் தொடங்குகிறாள் என்று விக்னேஷ் சொன்னான். நன்றாகப் படிக்கட்டும், நோய் நொடி இல்லாமல் வளரட்டும். நாளைக்கு அவள் ஓடிவந்து, அப்பா எனக்கு ஒரு சத்தம் கேட்டது என்று சொன்னால், ஆமாம்மா, எனக்கும் கேட்டது என்று சொல்ல அவள் பக்கத்தில் ஒரு ஆள் எப்போதும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தகரம் அடித்த
அழகையா.